இங்காவிடம் நாம் கேட்டதும், அவளிடம் சொல்லாததும்

தம்பி,

நீ அனுப்பிய நாலு வரியைப் படித்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. "கவிதா கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வரோம். இங்கா அவ உடுப்புலதான் வருவா. யாரு கேட்டாலும் அவ யாருன்னு அவளே சொல்லுவா. ஒனக்குக் கஷ்டம்னா இப்பவே சொல்லிடும்மா, இன்னும் டிக்கெட் போடல." அவ்வளவுதான். சாப்பிட்டாயா, முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்றவளுக்கே நிபந்தனை போடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான் என்று போனைக் கட்டிலில் வீசிவிட்டு, துவைத்துக் காய்ந்த துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தேன். இரண்டு நாள் அந்தக் கோபம் உன்மேல் இருந்தது. மூன்றாம் நாள் என்மேலேயே திரும்பிவிட்டது. அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். பேசினால் நான் அழுவேன், நீ "சரி விடும்மா" என்பாய், அதோடு மூடி வைத்துவிடுவோம். நம் வீட்டில் எத்தனையோ பேச்சை இப்படித்தான் மூடி வைத்திருக்கிறோம். இந்தக் கடிதத்தை யாரிடமும் ஒளிக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கவிதாவைப் பெற்ற உன் மாமாவுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் தப்பும் முதலிலேயே தொடங்கிவிட்டது. நீ நார்வேயின் வடகோடியில் வேலைக்குப் போய் மூன்றாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி இங்காவைப் பற்றிச் சொன்னாய். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றதும் எனக்குச் சந்தோஷம். முப்பத்திரண்டு வருஷம் கிராம நர்ஸாகத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவள் நான். மருமகளும் அதே தொழில் என்றால் கசக்குமா? பிறகு நீ, "அம்மா, அவ சாமி இனம்மா" என்றாய். பெயரைக் கேட்டு நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அப்புறம் பொறுமையாக விளக்கினாய். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என்று கோடு போட்டுப் பிரிப்பதற்கு முன்பிருந்தே அந்த வடக்குப் பனியில் வாழ்கிறவர்கள். சொந்த மொழி உண்டு. எல்லாரும் இல்லாவிட்டாலும் சில குடும்பங்கள் துருவ மான் மேய்க்கின்றன. இங்காவின் அப்பாவும் தம்பியும் செய்வது அதுதான். ஒரு காலத்தில் அவர்கள் மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசவிடாமல் தடுத்தார்கள், மட்டமாக நடத்தினார்கள் என்றும் சொன்னாய். இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி என்ன, ஞாபகம் இருக்கிறதா? "பாக்க வெள்ளையாத்தானடா இருப்பா?" "இருப்பாம்மா" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் தா.பழூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். உன் அப்பா போன பிறகு எனக்கு எல்லாம் அண்ணன்தான். உன்னைக் காலேஜில் சேர்த்ததிலிருந்து இந்தப் பெரம்பலூர் வீட்டுக்குத் தளம் போட்டதுவரை அவர் வந்து நிற்காத காரியம் ஒன்றில்லை. அப்படிப்பட்டவர் எடுத்ததும் கேட்டது, "என்னா ஆளுங்க?" நம் பக்கத்தில் புதிதாக யாரைப் பார்த்தாலும் எந்த ஊர் என்பார்கள், அடுத்து எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் மற்றதைக் கேட்கவே வேண்டாம், எங்கே உட்கார வைப்பது, எந்த டம்ளரில் கொடுப்பது எல்லாம் முடிவாகிவிடும். நார்வேயில் தெரு சொன்னால் அண்ணனுக்கு என்ன தெரியும், அதனால் நேராகவே கேட்டார். உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மான் மேய்க்கிறவர்கள், அந்த நாட்டுக்காரர்களே மட்டமாகப் பார்த்தவர்கள் என்று சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்பது சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "நார்வேக்காரங்கண்ணே. வெள்ளக்காரங்க. அவங்க அப்பா பெரிய பண்ண வச்சிருக்காரு" என்றேன். "அப்பன்னா சரி" என்றார் அண்ணன். அண்ணி காபி கொண்டு வந்தார். அதைக் குடித்துவிட்டு, ஒரு கண்டம் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியோடு பஸ் ஏறினேன்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குக் காவலும் நாமே இருக்க வேண்டும். நீங்கள் அங்கே பதிவு செய்துகொண்டு இங்கே வந்து, வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் அம்மன் முன்னால் மாலை மாற்றினீர்கள். மறுநாள் பெரம்பலூர் மண்டபத்தில் வரவேற்பு. அன்று காலை இங்கா என் கட்டில்மேல் அவளுடைய உடுப்பை விரித்து வைத்திருந்தாள். கருநீலக் கம்பளித் துணி, ஓரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை, குஞ்சம் வைத்த மேல்துண்டு, அந்தத் துண்டில் குத்திக்கொள்ள, சின்னச் சின்ன வெள்ளித் தகடு தொங்குகிற ஒரு பெரிய ஊசி. அந்தப் பட்டையின் தினுசைப் பார்த்தே எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள் என்றாள். அவளுடைய அம்மா உட்கார்ந்து தைத்ததாம். "அத்தை, இஸ்திரிப் பெட்டி?" என்று தமிழில் கேட்டாள், உன்னிடம் கேட்டுக் கற்று வைத்திருந்தாள். எனக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு அழகு என்பதுதான். உடனே அண்ணன் ஞாபகம் வந்தது. உன்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த உடுப்பெல்லாம் வேணாம்டா. பட்டுப் பொடவ எதுக்கு எடுத்தோம்? இதப் போட்டா ஆளாளுக்கு என்னா ஏதுன்னு கேப்பாங்க" என்றேன். நீ அவளிடம் போய், "அம்மா சொல்றாங்க, இந்த வெயிலுக்குக் கம்பளி தாங்காதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அவளும் சிரித்துக்கொண்டே மடிப்புக் கலையாமல் மடித்து உள்ளே வைத்துவிட்டாள். என் அழுக்கை நீ அக்கறையாக மாற்றிச் சொன்னாய். இதிலே நீ என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

அதற்கடுத்த நாள் அண்ணன் வீட்டு விருந்து. அதை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். கூடத்தில் பந்தி. இலையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. அண்ணன் நல்ல மனதோடுதான் ஆரம்பித்தார். "ஒங்க மாமனாருக்கு எத்தன ஏக்கரு இருக்கும்னு கேளுடா." நீ கேட்டாய். இங்கா கள்ளமில்லாமல் பதில் சொன்னாள், நீயும் தப்பித்துக்கொள்ள வழியில்லாமல், "நெலமெல்லாம் இல்ல மாமா, மானுதான் இருக்கு" என்றாய். அண்ணன் என்னைப் பார்த்தார். "பண்ணன்னு சொன்ன?" நான் ரசத்தைக் கரண்டியில் எடுத்தபடி நின்றேன். அவர் மறுபடி உன் பக்கம் திரும்பி, "சரி, மானு எத்தன இருக்கும்?" என்றார். உன் முகம் வெளுத்துப் போனது. "அத விடுங்க மாமா" என்றாய்.

"ஏன்டா, எத்தனன்னு கேட்டா குத்தமா? எங்கிட்ட கேக்கச் சொல்லு. எட்டு மாடு, நாலு கன்னுக்குட்டி. சொல்லிட்டுப் போறேன்."

"அங்க அப்புடிக் கேக்க மாட்டாங்க மாமா. பேங்க்ல எவ்வளவு வச்சிருக்கேன்னு கேக்குற மாதிரி அது."

"நான் என்னா கடனா கேக்குறேன்?"

இங்காவுக்கு வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. கையை இலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூடம் முழுக்க ஒரு சத்தமில்லை. அந்த அமைதியை அவள் தாங்கினாள், நீ தாங்கினாய், என்னால் தாங்க முடியவில்லை. "ஆயிரத்துக்கு மேல இருக்கும்ணே" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த ஆயிரம் என்று எனக்கே தெரியாது. பந்திக் கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "அப்ப நம்மூருல கொல்லைக்கி எருவுக்கு ஆட்டுக் கெடை போட வருவாங்களே, அது மாதிரி ஆளுங்களா?" என்றார். அவர் அறிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பேர் சிரித்தார்கள். நான், "சேச்சே! அந்த மாதிரியெல்லாம் இல்லிங்க. அந்த நாட்டுல அவங்கதான் ஒசந்த ஆளுங்க" என்றேன். தம்பி, எத்தனை பேருக்குக் கீழே நிற்கும்படி வைக்கப்பட்ட ஜனம் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். அதைத் தெரிந்துகொண்டே இதைச் சொன்னேன். அத்தை என்ன சொல்கிறார் என்று இங்கா உன்னிடம் கேட்டாள். உங்கள் குடும்பம் மரியாதையான குடும்பம் என்று சொல்கிறார் என்றாய். நர்ஸ் வேலைக்குப் படித்த ஆங்கிலம் எனக்கும் கொஞ்சம் உண்டு. நீ சொன்னது காதில் விழுந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் கொல்லைக் கதவு வழியாகப் பார்த்தாள். பாத்திரம் துலக்க வந்திருந்த மூன்று பெண்கள் மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தரையில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. அவர்கள் ஏன் அங்கே என்று உன்னிடம் கேட்டாள். வேலை முடித்து அப்புறமாகச் சாப்பிடுகிறார்கள் என்றாய். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் நம்பவில்லை. அண்ணனோ, "கேட்டதுக்குப் பதிலும் சொல்ல மாட்டேங்குது, வச்சத சாப்புடவும் மாட்டேங்குது" என்றார். இங்கா இலையை மூடாமலே எழுந்து கை கழுவப் போனாள்.

திரும்பி வரும்போது அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிக்குப் பின்னால் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. பிறகு அவள் உன்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நீயும் ஒருவழியாக உண்மையைச் சொன்னாய். உடுப்பு விஷயம், பண்ணை, ஆயிரம், உசந்த ஆளுங்க, எல்லாம். காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். லாரிப் புழுதியில் ரோட்டோரம் நின்றாள். அழவில்லை. நான் இறங்கிப் பக்கத்தில் போனதும், "என் அப்பாவுக்கு அவர் யாரென்பதில் வெட்கம் இல்லை. உங்களுக்கு ஏன்?" என்று மெதுவாக, எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில் கேட்டாள். நான் திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் முன்னதாகவே நீங்கள் திருச்சிக்குப் போய் விமானம் ஏறினீர்கள். ஊரில் கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். அது இன்னொரு பொய்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒன்றரை மாதம் கழித்து இங்கா எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். போனே மொழிபெயர்த்த தமிழ். கல்லும் முள்ளுமாக இருந்தது, ஆனாலும் நீ மொழிபெயர்த்துச் சொல்வதைவிட நேராக இருந்தது. அவளுடைய அம்மா கடற்கரைப் பக்கத்து ஊரில் பிறந்தவராம். தாங்கள் சாமி என்பதே அவருக்கு வளர்ந்து பெரியவராகும்வரை தெரியாதாம். பெற்றோர் மொழியை மறைத்தார்கள், உடுப்பைப் பெட்டிக்கடியில் போட்டார்கள், கேட்டவர்களிடம் நார்வேக்காரர்கள் என்றார்கள். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்த அம்மா மொழியைக் கற்றுக்கொண்டு, உடுப்பைத் தானே தைத்து, பயந்துகொண்டே கடைத்தெருவுக்குப் போட்டுக்கொண்டு போனாராம். "நீங்களும் எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் மறைக்கச் சொன்னீர்கள். அதனால்தான் எனக்கு வலித்தது" என்று எழுதியிருந்தாள். கடைசியில் இரண்டு வரி. "உங்கள் ஊரில் எல்லாரும் நான் யார் என்று கேட்டார்கள். நீங்கள் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொட்டகை அருகில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள் யார்?"

இத்தனை மாதமாக அதற்கு நான் பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன். நீ இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு வார்த்தைகூட விடக் கூடாது, வெயில் கம்பளி என்று எதையும் மாற்றக் கூடாது.

இங்கா, அவர்கள் அப்புறமாகச் சாப்பிடவில்லை. அங்கேதான் சாப்பிடுவார்கள். என் அப்பா காலத்திலும் அங்கேதான். வயதுப் பெண்ணாக இருக்கும்போது நானே குனியாமல், எட்ட நின்று அவர்கள் இலையில் சோறு போட்டிருக்கிறேன். நாங்கள் நிலம் வைத்திருக்கிறவர்கள், அவர்கள் அந்த நிலத்தில் வேலை செய்கிறவர்கள். எங்கள் ஊரில் அவர்களுக்குத் தெருகூடத் தனி, ஊருக்கு வெளியே, காலனி என்போம். பிறப்பைப் பார்த்து மேல் கீழ் என்று வைத்திருக்கிறோம், அதற்குச் சாதி என்று பெயர். இதை உன் புருஷன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். எங்கள் வீட்டில் விவசாயிகள் என்று சொல்லி முடித்திருப்பான். விவசாயிகள் என்பது பாதி பதில்தான்.

நான் படித்தவள், நர்ஸ், அண்ணன் மாதிரி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பதினொரு வருஷம் வேலை. புதன்கிழமை தடுப்பூசி நாள். காலனியில் நான் தூக்காத குழந்தை இல்லை. பிரசவம் பார்த்திருக்கிறேன், இரத்தத்தைத் துடைத்திருக்கிறேன், தங்கமான நர்சம்மா என்று பெயர். ஆனால் அந்தப் பதினொரு வருஷத்தில் அங்கே ஒரு வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பையில் என் பாட்டில் இருக்கும். யாராவது சொம்பை நீட்டினால், "இப்பதான் குடிச்சேன்" என்பேன். ஒரு சித்திரை மாதம், நல்ல உச்சி வெயில், பாட்டில் காலி, கண் இருட்டிக்கொண்டு வந்து ஒரு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி என்று ஒருத்தி, இரண்டு பிள்ளையும் என் கையில் பிறந்தவை, சொம்போடு ஓடி வந்தாள். பக்கத்தில் வந்ததும் நின்றாள். "வூட்டுத் தண்ணி வேணாம்னா சொல்லுங்க நர்சம்மா, ஓடிப்போயி கடையில சோடா வாங்கியாரேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. "இல்ல செல்வி, வயிறு சரியில்ல" என்று சொல்லி அந்தச் சோடாவைக் குடித்தேன். அடுத்த புதன்கிழமையிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். நான் வெட்கப்பட்டு மாறினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மாறவில்லை, மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊர் போகும்வரை இரண்டு பாட்டில்தான். நாங்கள் யார் என்று கேட்டாயே, நான் இதுதான்.

இனி உனக்குச் சொல்கிறேன், தம்பி. புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நினைக்காதே. விழுந்தவளுக்குத்தான் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அவளைப் பற்றி யார் கேட்டாலும் அவளுக்கு முந்திக்கொண்டு நீ பதில் சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். போனில் பனியையும் மானையும் உடுப்பையும் காட்டி, ஆள் சேர்த்து வேடிக்கையாக்கிவிடாதே. அதுவும் ஒருவகை மறைப்புதான், மனுஷியை மறைத்துவிடும். எத்தனை மான் என்று மறுபடி யாராவது கேட்டால், அங்கே அது கேட்கக் கூடாதது என்று ஒருமுறை சொல், சொன்ன பிறகு வரும் அமைதியைத் தாங்கு. நான் தாங்காததால்தான் ஆயிரம் என்று உளறினேன். கிடை போடுகிறவர்கள் மாதிரியா என்று கேட்டால் சேச்சே என்று துள்ளாதே. அன்று நான் துள்ளியதில் இங்காவின் அப்பாவையும் அவமானப்படுத்தினேன், ஆட்டை ஓட்டிக்கொண்டு நம் கொல்லையில் பனியில் படுத்துக் கிடக்கிற மனிதரையும் அவமானப்படுத்தினேன். ஆமாம், கொஞ்சம் அந்த மாதிரிதான் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எல்லாவற்றுக்கும் மேலே, அவள் தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நீயும் உன்னைப் பற்றிச் சொல். அவள் மட்டும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், நாம் பூட்டி வைத்திருப்போம் என்றால் அது பேச்சே இல்லை, விசாரணை.

முந்தாநாள் தா.பழூர் போனேன். அண்ணன் நெல் மூட்டை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். பண்ணை இல்லை, ஆயிரம் நான் உளறியது, உசந்த ஆளுங்க என்பது பச்சைப் பொய், அவர்கள் இன்னார், இப்படி நடத்தப்பட்டவர்கள், இங்கா கல்யாணத்துக்கு அவள் உடுப்பில்தான் வருவாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "இத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். "சொல்லியிருக்கணும்ணே" என்றேன். அப்புறம் குரல் மாறியது. "மாப்ள வூட்டுக்காரங்க என்னா ஏதுன்னு கேப்பாங்க. பொடவ கட்டிக்கிட்டு வரட்டும், நார்வேன்னே சொல்லிக்கிடலாம். இல்லன்னா அவங்க வர வேணாம், நீ மட்டும் வா."

"நான் சொன்ன பொய்யத்தாண்ணே நீங்களும் சொல்றீங்க."

"எம் பொண்ணு கல்யாணம்மா இது. ஒனக்கு நேத்து வந்தவ முக்கியமா, நான் முக்கியமா?"

அவர் இல்லாமல் நான் ஏது? எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் கவிதா கூடவே வந்தாள். அவளும் என் கையில் பிறந்தவள்தான், முதல் அழுகையைக் கேட்டது நான்தான். "அத்த, நீங்க வராம நான் எப்புடி மேடை ஏறுவேன்? அப்பா சொல்றதையும் என்னால தட்ட முடியல" என்று அழுதாள். நேற்றுக் காலை அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "வந்தா மூணு பேரும்தாண்ணே வருவோம், அவ அவளோட உடுப்புலதான் வருவா. வாசல்ல நீங்க திரும்பிப் போங்கன்னு சொன்னா மூணு பேருமா திரும்பிடுவோம்" என்றேன். "ஒன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்றுதான் தெரியும்.

ஆகவே டிக்கெட் போடு என்றுதான் முடிக்க நினைத்தேன். ஆனால் இப்போதே போடாதே. முதலில் இந்தக் கடிதத்தை இங்காவுக்குப் படித்துக் காட்டு, செல்வி வீட்டு வாசலில் நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. மாமா கேட்ட ஒரு கேள்விக்கே அவள் எழுந்து போனவள். என்னைப் பற்றி நானே சொன்ன இதைக் கேட்ட பிறகு என் பக்கத்தில் நிற்க அவளுக்கு மனம் வருமோ வராதோ. வராவிட்டால் அது என்னால் வந்தது, நீ அவளை வற்புறுத்தக் கூடாது. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அண்ணனை இழந்துவிடுவேனோ என்று இருந்த பயத்தைவிட இது பெரிதாக இருக்கிறது. படித்து முடித்ததும் போன் பண்ணு. ஆனால் நீ பேசாதே, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு அந்த அறையைவிட்டு வெளியே போ. அவள் வருகிறேன் என்றாலும் வரமாட்டேன் என்றாலும் நேராக என்னிடம் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்குப் போதும்.

அம்மா